வில்லுப்பாட்டை டிவியில் காட்ட யாரைப் பிடிப்பது?

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு பாடுகிற குழுவைத் தூர்தர்ஷனில் காட்ட ஆசை. சென்னைக்குக் கடிதம் போட்டால் கேமராவோடு வருவார்களா?
- வாசகர், தக்கலை

பதில்: வரமாட்டார்கள். ஆனால் வழி உண்டு. பாடுகிறவர்கள் நுழையும் வாசல் வேறு, படம் எடுக்கிறவர் நுழையும் வாசல் வேறு. நம்மூரில் பலரும் இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் அலைகிறார்கள். குழு நேராகப் போவதென்றால் தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலான டிடி தமிழுக்கு (2024 ஜனவரி வரை பொதிகை) ஆடிஷனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேறினால் கிரேடு, அதற்கேற்ற சன்மானம், ஸ்டுடியோவில் பதிவு.

கொடையோடு சேர்த்து ஊரிலேயே எடுக்க வேண்டுமென்றால் ஒரு தயாரிப்பாளர் தேவை. சேனல் அறிவிப்பு விடும்போது கதைச்சுருக்கம், எத்தனை எபிசோடு, பட்ஜெட், முன்பு செய்த வேலை எல்லாம் அவர் கொடுப்பார், சேனலின் தேர்வுக் குழு உட்கார்ந்து பார்க்கும். சேனல் காசு போட்டால் உரிமையும் சேனலுக்கே. ஸ்பான்சர் முறை என்றால் ஒளிபரப்பு நேரத்துக்குக் கட்டணம் கட்டுவதும் விளம்பரம் பிடிப்பதும் அவர் தலையில்; வில்லுப்பாட்டுக்கு எந்த நகைக்கடைக்காரர் முன்வருவார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், விண்ணப்பத்தில் 'தொன்மையான கலை, அழிந்து வருகிறது' என்று நாலு பக்கம் எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அரை மணி நேரத்தில் திரையில் என்ன தெரியும், அதைச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்கப் பாடும் கதையைச் சுருக்கினால் வெறும் கதைச்சுருக்கம்தான் மிஞ்சும், அதனால் ஒரே ஒரு கட்டத்தை எடுங்கள்: முத்துப்பட்டன் கதையில், பிராமணனான அவன் காதலுக்காகப் பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைக்க உட்காருகிற இடம் போல. சத்தத்துக்கும் திட்டம் வேண்டும். கதையை முன்னின்று பாடுகிற புலவர் முன்னால் மட்டும் மைக்கை நட்டுவைத்தால், குடத்தின் வாயில் மட்டை அறைகிற முழக்கம் அவர் குரலை விழுங்கிவிடும். குடத்துக்கும் உடுக்கைக்கும் தனித்தனி மைக், வில்லை அடிக்கிற வீசுகோல் நாணில் விழும்போது மணிகள் குலுங்குவதைக் கிட்டத்தில் காட்ட ஒரு கேமரா, 'ஆமா' போடுகிற பக்கப்பாட்டுக்காரர் முகத்துக்கு இன்னொன்று. இப்படி எழுதினால் படிக்கிறவருக்குப் படம் ஓடும்.

கேள்வி: எடுத்ததை நாங்கள் யூடியூபில் போடலாமா?
- அதே வாசகர்

பதில்: சேனல் காசில் எடுத்தது என்றால் எழுத்தில் அனுமதி வாங்காமல் போடாதீர்கள். கொடையன்று உங்கள் போனில் எடுத்ததைக் குழுவிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். அதில் நன்றாக வந்த பத்து நிமிடத்தை வெட்டித் தயாரிப்பாளரிடமும் கொடுத்து வையுங்கள், விண்ணப்பத்தோடு மாதிரியாக வைக்க உதவும்.