மணிக்கூட்டை லாச்சிக்குள் வையுங்கள்

வணக்கம் அண்ணா,

நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்குப் பதினைந்து வயது. இந்த வருடம்தான் பாடசாலையில் குரொஸ் கன்ட்ரி என்ற திறந்தவெளி நெடுந்தூர ஓட்டம் ஓடத் தொடங்கினாள், மாகாண மட்டம் வரை போய்விட்டாள். அடுத்த போட்டிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. சும்மா இருந்தால் உடம்பு விட்டுப்போகும் என்று, தினமும் விடிய மரைன் டிரைவில் 5 கிலோமீட்டர் ஓடவைக்கிறேன். நான் சைக்கிளில் பின்னால் போய் நேரம் எடுக்கிறேன். மூன்று கிழமையாக நேரம் கூடிக்கொண்டே போகிறது. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு நோகிறது என்றும் சொல்கிறாள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கான கோடைப் பயிற்சி அட்டவணை ஒன்றை இணையத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். தொடங்கலாமா?

ஒரு தகப்பன்

அன்புள்ள நண்பருக்கு,

அட்டவணையைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ஸ்டொப் வோட்ச்சை லாச்சிக்குள் போட்டுப் பூட்டுங்கள். இரண்டு கிழமை மகளை ஓடவே விடாதீர்கள். நீந்தட்டும், சைக்கிளை அவளிடம் கொடுங்கள். விரல் நுனியால் எலும்பை அழுத்தும்போது ஒரே இடத்தில் குத்தினாலோ, நடக்கும்போதும் நொந்தாலோ டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அது எலும்பில் மயிரிழை வெடிப்பாக இருக்கலாம்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். எனக்குப் பதினாறு வயதில் வாய்த்த பயிற்றுநர், போட்டி இல்லாத மாதங்களிலும் கிழமைக்கு மூன்று நாள் 400 மீட்டர் சுற்றுகளை முழு வேகத்தில் ஓடவைத்தார். நானும் தைலம் தேய்த்துத் தேய்த்து ஓடினேன். அடுத்த வருடப் போட்டியன்று காலில் கட்டோடு பவிலியனில் இருந்து கச்சான் கொறித்தேன்.

பயிற்சி தொடங்கியதும் இதயமும் நுரையீரலும் சில கிழமைகளில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கு வேண்டும். பிள்ளைக்கு மூச்சு வாங்காது, அதனால் வேகமாக ஓடுவாள். அடிவாங்குவது கால். வளரும் வயதில் இந்த இடைவெளி இன்னும் பெரிது.

மெதுவான ஓட்டம் சோம்பேறிகளின் வேலை என்று நினைக்காதீர்கள். தசைக்குள் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுவதும், ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் இரத்தம் கூடுவதும் அதனால் நடப்பவை. நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்ட் 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்னெல்லை ஞாயிற்றுக்கிழமைகளில் 35 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், லிடியார்டின் இன்னொரு சீடர் மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். தூரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது வளர்ந்தவர்களின் கணக்கு. உங்கள் மகள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வரிசையை மட்டும்தான்: முதலில் அடித்தளம், வேகம் கடைசியில்.

சரி, அமெரிக்க அட்டவணை. அங்கே குரொஸ் கன்ட்ரி இலையுதிர்காலப் போட்டி. கோடை விடுமுறையில் பிள்ளைகள் அதற்கு அடித்தளம் போடுகிறார்கள். அதில் எழுதியிருக்கும் வேகத்தைக் கொழும்பில் பிடிக்கப் போனால் வீண் தொல்லை. இங்கே விடிய ஐந்தரைக்கே காற்றில் ஈரம் கனக்கிறது, வியர்வை காயாது, உடம்பு குளிராது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும். உங்கள் மகளின் நேரம் கூடிக்கொண்டே போவதில் ஒரு பங்கு இந்தப் புழுக்கத்துடையதாக இருக்கலாம், மிச்சம் பெரும்பாலும் களைப்பு. ஆகவே கிலோமீட்டரை விடுங்கள், நிமிடத்தை எண்ணுங்கள். அதற்குச் சுவர் மணிக்கூடே போதும்.

நோவு முழுதாகப் போனபின் கிழமைக்கு நான்கு நாள், இருபது நிமிடம். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டலாம். மூன்றாம் மாத முடிவில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நாற்பது, ஐம்பது நிமிடத்துக்கு வரும். வேகம் சரிதானா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. பக்கத்தில் சைக்கிளில் போய், நேற்று வகுப்பில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆசிரியரைப் பற்றிய முறைப்பாட்டை முழு வசனங்களில் சொல்லி முடித்தால் வேகம் சரி. 'ம்', 'இல்லை' என்று மட்டும் பதில் வந்தால் கூடிப்போச்சு. கிழமைக்கு இரண்டு நாள் ஓட்டம் முடிந்ததும் 20 செக்கன் வீதம் ஐந்தாறு தடவை தளர்வாக வேகம் எடுக்கட்டும், இடையில் நடக்கட்டும். கால் வேகத்தை மறக்காமலிருக்க அது போதும். கடும் பயிற்சியைக் கடைசி ஆறு கிழமைக்குப் பாடசாலைப் பயிற்றுநரிடம் விட்டுவிடுங்கள்.

மரைன் டிரைவ் தார் வீதி, ஓரம் சரிவு. வாரத்தில் ஓரிரு நாளாவது விகாரமகாதேவி பூங்காவின் புல்லுக்குக் கூட்டிப் போங்கள்.

அப்புறம், தகப்பன்மார் கேட்கக் கூச்சப்படும் ஒரு விஷயம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று அவளுடைய அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் நின்றிருந்தால் சாப்பாடு ஓட்டத்துக்குப் போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், எலும்பும் அதோடு பலம் குறையும். அதற்கும் டொக்டரிடம்தான் போக வேண்டும். இரும்புச்சத்தையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நேரம் இறங்காமல் நிற்பதற்கு அதுவும் காரணமாகலாம். சோறு தின்ற கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் தேயிலை தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். பதிலாகச் சாப்பாட்டில் ஒரு துண்டு தேசிக்காய் பிழிந்துகொண்டால் நல்லது.

ஒன்று கேட்க விட்டுப்போச்சு. கூட ஓட அவளுக்கு யாராவது இருக்கிறார்களா? வகுப்பில் ஒரு சிநேகிதி கிடைத்தால் முறைப்பாடுகளை அவளிடமே சொல்லிக்கொண்டு ஓடுவாள். நீங்கள் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பூங்கா வாங்கில் இருந்து பேப்பர் பார்க்கலாம்.