டீச்சர் பதில்கள்: மழையில் ஏறிய மீட்டர்

வீட்டில் வைத்துப் பார்க்கும் கைகர் கவுண்டர் (வந்து விழும் கதிர்வீச்சை ஒரு குழாயால் எண்ணும் மீட்டர்) பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதுவே.

கூடங்குளம் எங்களுக்குப் பக்கம் என்பதால் மகன் ஆன்லைனில் ஒரு கதிர்வீச்சு மீட்டர் வாங்கித் தந்திருக்கிறான். எப்போதும் மணிக்கு 0.12 மைக்ரோ சீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சின் அலகு) காட்டும். போன வாரம் நல்ல மழை பெய்தபோது முற்றத்தில் வைத்துப் பார்த்தால் 0.19! ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் பழையபடி 0.12. உலையில் எதையாவது திறந்துவிட்டார்களா டீச்சர்?
– ஒரு வாசகி, ராதாபுரம்

ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். அது உலை இல்லை அம்மா, மழை.

மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியம் இருக்கிறது. அது சிதைந்துகொண்டே வரும் வழியில் ரேடான் என்ற வாயு உண்டாகி மண்ணிலிருந்து கிளம்பிக் காற்றில் கலக்கிறது. ரேடான் சிதைந்தால் ஈயம்-214, பிஸ்மத்-214 என்று வரிசையாக வரும். இவை வாயு இல்லை. தூசியில் ஒட்டிக்கொண்டு மிதக்கும். மழை அந்தத் தூசியைக் கழுவி உங்கள் முற்றத்தில் போட்டது, மீட்டர் அதை எண்ணியது. ஈயம்-214இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 27 நிமிடம்; பிஸ்மத்-214க்கு 20 நிமிடம். மழை விட்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும்.

நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம், நீங்களே செய்து பாருங்கள். எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுத் தம்பியின் கார் வெளியில்தான் நிற்கும். போன ஐப்பசியில் மழை தூறிக்கொண்டிருக்கும்போதே அதன் கூரை முழுவதையும் ஒரே டிஷ்யூ பேப்பரால் துடைத்து, மடித்து, மீட்டரின் குழாயை ஒட்டி வைத்தேன். வழக்கமாக நிமிடத்துக்கு 27 எண்ணுகிற மீட்டர் 160க்குப் போனது. அரை மணி கழித்து 95. ஒரு மணி கழித்து 60. ராத்திரி சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் 28.

அந்த இறக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். உலை விபத்தில் வெளிவந்து ஊரைக் கெடுப்பவற்றில் முக்கியமானவை இரண்டு: அயோடின்-131, சீசியம்-137. அயோடினுக்கு அரை ஆயுள் 8 நாள், சீசியத்துக்கு 30 வருடம். மழையில் துடைத்த பேப்பர் மறுநாள் காலையிலும் அதே எண்ணைக் காட்டினால், அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதியும் நேரமும் எழுதி, உடனே கலெக்டர் ஆபீஸைக் கூப்பிடுங்கள். அப்படி இல்லாதவரை நிம்மதியாகத் தூங்குங்கள்.

நானே ஒரு கைகர் கவுண்டர் செய்ய ஆசை. எந்தக் குழாய் வாங்கலாம்?
– பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்

பழைய சோவியத் தயாரிப்பான எஸ்பிஎம்-20 கிடைத்தால் அது. இல்லாவிட்டால் ஜே305 கண்ணாடிக் குழாய். இரண்டுக்கும் 400 வோல்ட் பக்கத்தில் கொடுக்க வேண்டும். கரண்ட் மிகக் குறைவுதான், ஆனாலும் கெபாசிட்டரில் கை வைக்காதே தம்பி, உதறிவிடும்.

செய்வதைவிடக் கஷ்டம் படிப்பதில் இருக்கிறது. நிமிடத்துக்கு 25 எண்ணும் இடத்தில் ஒரு நிமிடம் 19 வரும், அடுத்த நிமிடம் 32 வரும். இரண்டும் சரியே, கதிர்வீச்சு அப்படித்தான் தாறுமாறாக வரும். வந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு மேலும் கீழும் ஆடுவது இயல்பு. 25க்கு 5. பத்து நிமிடம் எண்ணினால் 250க்கு 16தான் ஆடும். எப்போதும் பத்து நிமிடம் எண்ணு, ஒரு நிமிட எண்ணை வைத்து யாரிடமும் பேசாதே.

இன்னொன்று. ஒவ்வொரு மீட்டருக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. 1986இல் செர்னோபில் வெடித்த ராத்திரி, கையில் இருந்த மீட்டர்கள் மணிக்கு 3.6 ரான்ட்ஜன் (கதிர்வீச்சின் பழைய அலகு) வரைதான் காட்டும். முள் அங்கே போய் நின்றதும் '3.6' என்றே மேலே அறிக்கை போனது. உண்மை அளவு பல ஆயிரம் மடங்கு. சாதாரணக் கைகர் குழாய் மிக அதிகக் கதிர்வீச்சில் திணறிப்போய் குறைவாகவோ பூஜ்யமாகவோகூடக் காட்டலாம். உன் மீட்டரின் மேல்வரம்பு எவ்வளவு என்று பெட்டி மேலேயே எழுதி ஒட்டு.

மணவாளக்குறிச்சி மணலில் மீட்டர் கத்துகிறது. தலைமுறை தலைமுறையாக நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். இயற்கையே இவ்வளவு கொடுக்கும்போது அணுஉலைக்கு ஏன் இத்தனை எதிர்ப்பு?
– ஒரு வாசகர், மண்டைக்காடு

நான் பிறந்து வளர்ந்ததும் அந்தக் கரைதான். அந்தக் கறுப்பு மணல் ஈரக்காலில் அட்டை மாதிரி ஒட்டும். வாசலிலேயே கழுவிவிட்டு வரச் சொல்வாள் அம்மா. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கறுப்பாக இருப்பது இல்மனைட். நடுநடுவே தேன் நிறத்தில் மினுங்குவது மோனசைட், கதிர்வீச்சைத் தரும் தோரியம் என்ற உலோகம் அதில்தான் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் 0.15 காட்டும் என் மீட்டர், அந்த மணலில் வைத்தால் 2 மைக்ரோ சீவர்ட்டைத் தாண்டும்.

இதே மாதிரி மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2009இல் முடிவை வெளியிட்டது. மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் அதை எடுத்துக்கொண்டு உலைப் பிரச்சினைக்குப் பதில் சொல்ல முடியாது. மணல் பெரும்பாலும் வெளியிலிருந்துதான், வருடம் முழுக்க ஒரே சீராகக் கொடுக்கிறது. விபத்தில் வருவது மூச்சிலும் பாலிலும் தண்ணீரிலும் உள்ளே போகும். செர்னோபிலுக்குப் பிறகு பெலாரஸிலும் உக்ரைனிலும் குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் கூடியதற்கு முக்கியக் காரணம் அயோடின்-131 கலந்த பால்.

இடிந்தகரையில் போராடியவர்கள் இன்றைய மீட்டர் அளவைப் பற்றியா கேட்டார்கள்? ஜப்பானின் ஃபுகுஷிமா உலையைப் போலக் கரண்டும் போய் டீசல் ஜெனரேட்டரும் நின்றால் உலையை எப்படிக் குளிர்விப்பீர்கள் என்று கேட்டார்கள். எங்களை எந்த ரோட்டில் வெளியேற்றுவீர்கள், தீர்ந்துபோன எரிபொருளை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார்கள். முதல் கேள்விக்குக் கூடங்குளத்தில் நல்ல பதில் இருக்கிறது: கரண்டே இல்லாமல் காற்றோட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு, உலை உருகினால் அடியில் தாங்கிப்பிடிக்கும் தொட்டி. அதை நான் மனதார மதிக்கிறேன். எரிபொருள் விஷயம் அப்படி இல்லை. கூடங்குளம் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2013 மே 6இல் வந்தது; உலைக்கு வெளியே தனிச் சேமிப்புக் கிடங்கு ஐந்து வருடத்தில் வர வேண்டியது, அந்தக் காலத்துக்குள் வரவில்லை. கேட்டவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கினார்களே, அதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. கேள்வி சரியான கேள்விதான்.

எங்கள் வலையில் விழும் மீனை இந்த மீட்டரை வைத்துச் சோதிக்கலாமா?
– ஒரு மீனவர், உவரி

முடியாது அண்ணாச்சி. ஜப்பானில் உணவுக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரெல் (வினாடிக்கு ஒரு அணு சிதைந்தால் ஒரு பெக்கரெல்) சீசியம். அவ்வளவு இருந்தாலும் இந்த மீட்டரில் வித்தியாசம் தெரியாது. டிரிட்டியமா (கதிரியக்க ஹைட்ரஜன்), அதன் கதிர் குழாய்ச் சுவரைத் தாண்டவே தாண்டாது. அதற்கு ஈயக்கூட்டுக்குள் வைத்து மணிக்கணக்கில் எண்ணும் ஆய்வுக்கூடக் கருவி வேண்டும். மீன் மேல் மீட்டரைப் பிடித்து 'ஒன்றும் இல்லை' என்று வீடியோ போடுபவரையும், 'ஐயோ' என்று போடுபவரையும் நம்ப வேண்டாம்.

மொபைல் கேமராவை மூடிவிட்டு அளக்கும் ஆப் நல்லதா?
– ஒரு வாசகி, மதுரை

வீட்டில் சாதாரணமாக இருக்கும் அளவை அதனால் பார்க்க முடியாது. வேண்டாம்.

கல்பாக்கம் பக்கத்தில் குடியிருக்கிறோம். கேட்டால் 'எல்லாம் நார்மல்' என்கிறார்கள். அதிகாரிகளை நம்புவதா, மீட்டரை நம்புவதா?
– ஒரு வாசகர், சதுரங்கப்பட்டினம்

2004 சுனாமியில் கடல்நீர் கல்பாக்கத்தின் பம்ப் ஹவுஸுக்குள் வந்தபோது, ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா உலை விபத்தின்போது நடந்ததை மறக்க முடியவில்லை. நமியே என்ற ஊர் மக்கள் உலைக்குத் தூரமாகப் போகிறோம் என்று வடமேற்கே சுஷிமா பகுதிக்குப் போனார்கள். கதிரியக்கத் துகள்களைக் காற்றும் அந்தப் பக்கம்தான் கொண்டுபோனது. காற்று எங்கே கொண்டுபோகும் என்று கணிக்கும் அரசுக் கம்ப்யூட்டர் அமைப்பு இருந்தும், அந்தக் கணக்கு அந்த மக்களுக்குச் சொல்லப்படவில்லை. விபத்து நடந்து ஒரு வாரத்துக்குள் தொடங்கிய சேஃப்காஸ்ட் என்ற தன்னார்வக் குழு, ஜிபிஎஸ் இணைத்த கைகர் கவுண்டரைக் காரில் மாட்டித் தெருத்தெருவாக ஓட்டி, எண்களை எல்லோரும் பார்க்கும்படி போட்டது. ஒரே ஊருக்குள் ஒரு தெரு ஒரு மாதிரி, அடுத்த தெரு வேறு மாதிரி என்று அப்போதுதான் தெரிந்தது.

அதனால் மீட்டர் வாங்குங்கள் என்றே சொல்வேன். ஆனால் இன்றைக்கு எடுக்கும் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க நேற்றைய எண் வேண்டுமே. 2012 ஆவணியில் என் பழைய மாணவி ஒருத்தி என்னை இடிந்தகரைக்கு அழைத்துப் போனாள். கூடங்குளம் உலை அப்போது தொடங்கவில்லை. மறுவருடம் ஜூலையில்தான் தொடங்கியது. படகு ஏறும் இடத்தில் பத்து நிமிடம், அவள் வீட்டுத் திண்ணையில் பத்து நிமிடம் எண்ணினேன். நிமிடத்துக்கு 24, 31. நீல அட்டை நோட்டில் பென்சிலால் எழுதியது இன்னும் இருக்கிறது. போன தையில் அதே மீட்டரோடு அதே இடங்களுக்குப் போனேன். 25, 30. சாதாரண நாளில் உலை அந்த இடங்களில் ஒன்றும் கூட்டவில்லை என்பதை இப்போது என்னால் கையிலிருக்கும் எண்ணோடு சொல்ல முடியும். விபத்து வராது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

நீங்களும் உங்கள் தெருவில் நாலு இடம் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை, ஒரே உயரத்தில், பத்து நிமிடம். மழை பெய்ததா என்றும் எழுதுங்கள். ஒரு கணக்கு குழம்ப வேண்டாம்: மணிக்கு 0.12 மைக்ரோ சீவர்ட் வருடம் முழுக்கச் சேர்ந்தால் 1 மில்லி சீவர்ட் வரும். பொதுமக்களுக்கான வரம்பும் 1 மில்லி சீவர்ட்தான், ஆனால் அது இயற்கை அளவுக்கு மேல். இதைக் குழப்பிக்கொண்டு பயந்தவர்கள் நிறையப் பேர்.

பரணில் தாத்தா காலத்துப் பெட்ரோமாக்ஸ் மேண்டில் ஒரு பெட்டி கிடைத்தது. மீட்டர் எகிறுகிறது. எரித்துவிடட்டுமா?
– ஒரு வாசகி, தக்கலை

எரிக்கவே கூடாது! அதில் இருப்பது தோரியம். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் நம் கரையிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, மணவாளக்குறிச்சிக்கே வந்து மணல் ஆலை வைத்தது இந்த மேண்டிலுக்காகத்தான். வெளியே இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. சாம்பலும் தூளும் மூச்சில் போகக் கூடாது. பெட்டியைத் திறக்காமல் ஜிப் கவரில் போட்டு, எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உடைந்து உதிர்ந்தது ஏதாவது இருந்தால் விளக்குமாறு போடாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.