நடை மட்டும் போதுமா?

கேள்வி: வயது 68. மொரீஷியஸ், ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. தைப்பூசத்துக்கு கோர் தெ கார்த் மலைக்கோவில் படியேற ஆசை. நடையைக் கூட்டினால் போதுமா?

பதில்: போதாது. சமதரையில் நடக்கும்போது எடை தாங்கும் முழங்கால் கொஞ்சம்தான் மடங்கும். தொடைத்தசைக்குப் பெரிய வேலை இல்லை. படியில் உடம்பின் எடையை ஒற்றைக் கால் தூக்கியாக வேண்டும். 65 தாண்டியவர்களுக்கு, வாரம் குறைந்தது 150 நிமிடம் வேகநடை போன்ற மிதமான உழைப்போடு, தசைப்பயிற்சிக்குக் குறைந்தது 2 நாள், சமநிலைக்குக் குறைந்தது 3 நாள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. நடையோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம்.

உங்களுக்கு முதல் வேலை, எழுந்து உட்காருவதுதான். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும். முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து எழுங்கள். பலருக்கு எழ வராததற்குக் காரணம் பலவீனம் மட்டுமல்ல, பாதம் முன்னே நீண்டிருப்பதும்தான். உட்காரும்போது நான்கு எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண். படி இறங்கக் காலைத் தயார் செய்வதே இந்த மெதுவான இறக்கம்தான். முழங்கால்கள் உள்பக்கம் சாயக்கூடாது. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும்.

8 முறை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முடியாவிட்டால் கெட்டியான மெத்தை போட்டு இருக்கையை உயர்த்துங்கள். 12 முறை சுலபமானால் மெத்தையை எடுத்துவிடலாம். அதன்பின் வீட்டுப் படியில், கைப்பிடி பிடித்து, ஒரே படியில் ஏறி இறங்குங்கள். ஏற நல்ல கால் முதலில், இறங்க வலிக்கும் கால் முதலில்.

சமநிலைக்கு, சமையல் மேடையைத் தொட்டபடி ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை வைத்து 30 விநாடி நில்லுங்கள்.

மொரீஷியஸில் தைப்பூசம் நல்ல கோடையில் வருவதால், தீபாவளி முடிந்ததும் தொடங்கிவிடுங்கள். விரத நாட்களில் பருப்பு, தயிர் குறையக்கூடாது. வெறும் சோறும் ரசமும் தசைக்கு உதவாது. இன்சுலின் போடுபவரானால் விரதத்துக்கும் மலையேற்றத்துக்கும் மருந்தளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

லேசான வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். முழங்கால் வீங்கினால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். நெஞ்சை அழுத்தினாலோ தலை சுற்றினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.