ட்ரோனும் போர்ச் சட்டமும் படிக்கத் துடிக்கும் மகனுக்கு எந்த வழி?

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம். படிவம் ஐந்தில் இருக்கும் மகன் இரவெல்லாம் உக்ரேன் ட்ரோன் காணொளிகளைப் பார்க்கிறான், போர்த் தொழில்நுட்பமும் போர்ச் சட்டமும் படிக்கப் போகிறேன் என்கிறான் என்று சொல்லி மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு படிப்பு உண்டா, அது சோறு போடுமா, கொலைத் தொழிலுக்கா பிள்ளையை அனுப்புவது. நடுக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டும் அதில்தான் வந்து முட்டுகின்றன.

தனியாகச் சோறு போடாது. போர்ச் சட்ட வழக்கறிஞர் என்று ஈப்போவில் பலகை மாட்டி யாரும் கடை வாடகை கட்ட முடியாது. சம்பளம் தருவது சட்டப் பட்டம், மின்னணுப் பொறியியல், தடய அறிவியல் போன்ற அடிப்படைத் தகுதி. போர் என்பது அதன் மேல் பின்னால் ஏற்றிக்கொள்ளும் சிறப்புத் துறை. படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த கையோடு "ட்ரோன் போர்" என்று கவர்ச்சியாகப் பெயர் வைத்த குறுகிய படிப்புக்குப் பணம் கட்டுபவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். எந்தத் தனியார் கல்லூரியானாலும், மலேசியத் தகுதிப் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, படிப்பின் பெயரே இருக்க வேண்டும். இல்லையென்றால் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடனும் கிடைக்காது, அரசாங்க வேலைக்கும் செல்லாது.

இந்தத் துறைக்குள் என்னென்ன வேலை இருக்கிறது என்று தம்பிக்குக் காட்ட எம்.எச்.17 வழக்கைவிட நமக்கு நெருக்கமானது வேறில்லை. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரேன் வானில் மலேசிய ஏர்லைன்ஸ் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள், அவர்களில் 43 பேர் மலேசியர். நெதர்லாந்தின் பாதுகாப்பு வாரியம் சிதறிக் கிடந்த பாகங்களைச் சேகரித்து, விமானத்தின் முன்பகுதியை இரும்புச் சட்டகத்தில் மறுபடி கோத்தது. விமானி அறைப் பக்கம் கிடைத்த உலோகத் துண்டுகளில் சில கழுத்துப் பட்டையின் வில் முடிச்சு வடிவில் இருந்தன. பக் ரக ஏவுகணையின் ஒரு குறிப்பிட்ட வெடிமுனையில்தான் அந்த வடிவம் உண்டு. இதைச் சொன்னவர்கள் உலோகம் தெரிந்த பொறியாளர்கள். ஏவுகணை வண்டி எந்தச் சாலையில் வந்தது என்பதைச் சமூக ஊடகப் படங்களில் இருந்த கட்டடம், மரம், நிழல் ஆகியவற்றை வைத்துக் கண்டுபிடித்தவர்கள் இன்னொரு கூட்டம். தொலைபேசிப் பதிவுகளைப் பிரித்துக் கேட்டவர்கள், உடல்களை அடையாளம் கண்டவர்கள், கடைசியில் வழக்கறிஞர்கள். மலேசியா உட்பட ஐந்து நாடுகள் கூட்டு விசாரணைக் குழுவில் இருந்தன. 2022 நவம்பர் 17 அன்று டச்சு நீதிமன்றம் மூவருக்கு, அவர்கள் நேரில் இல்லாத நிலையிலேயே, ஆயுள் தண்டனை விதித்தது. நான்காமவர் விடுதலையானார். போர்விமானம் என்று நினைத்துச் சுட்டிருந்தால்கூட அது கொலைதான் என்றது நீதிமன்றம், ஏனென்றால் சட்டப்படி போரிடும் உரிமை அவர்களுக்கு இல்லை. அந்த ஒரு வாதத்துக்குள் போர்ச் சட்டத்தின் பாதிப் பாடம் அடங்கியிருக்கிறது.

இதில் எந்த வேலை தனக்குப் பிடிக்கிறது என்று தம்பியைச் சொல்லச் சொல்லுங்கள். உலோகத் துண்டா, தீர்ப்பா? பதில் எதுவோ அதுதான் அவன் எடுக்க வேண்டிய பட்டம்.

தீர்ப்பு என்றால் சட்டம். பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து, யு.பி.யு. என்ற அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கை முறை வழியாக மலாயாப் பல்கலைக்கழகத்துக்கோ தேசியப் பல்கலைக்கழகத்துக்கோ போனால் நான்கு ஆண்டு. பட்டத்துக்குப் பின் 9 மாத சேம்பரிங், அதாவது மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி. தனியார் கல்லூரியில் லண்டன் பல்கலைக்கழகப் பட்டமோ பிற பிரிட்டிஷ் பட்டமோ எடுத்தால் நடுவில் சி.எல்.பி. என்ற வழக்கறிஞர் தகுதித் தேர்வு வரும், ஐந்து தாள். மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டுகிறார்கள். பட்டப் படிப்பின் செலவை மட்டும் கணக்குப் போட்டு, சி.எல்.பி. படிக்கும் காலத்துக்கும் மறுதேர்வுக்கும் பணம் ஒதுக்காமல் விட்டுவிடுகிறார்கள். போர்ச் சட்டம் பட்டத்துக்குள் விருப்பப் பாடமாக வரும். செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆசிய-பசிபிக் மாதிரி நீதிமன்றப் போட்டி ஒவ்வொரு ஆண்டும் ஹாங்காங்கில் நடக்கிறது. பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்கப் பார்க்கட்டும், மதிப்பெண்ணைவிட அது பின்னால் பேசும். மேற்படிப்புக்கு ஜெனிவா, லைடன் போன்ற இடங்கள் உண்டு. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் செவனிங் உதவித்தொகைக்கு மலேசியர் விண்ணப்பிக்கலாம், ஆனால் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள்.

உள்நாட்டில் இடம் குறைவு, அதை மறைக்க விரும்பவில்லை. 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனிவா ஒப்பந்தங்களிலும் மலேசியா இருக்கிறது, அவற்றுக்கென 1962ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. 1977ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறைகளில் மலேசியா சேரவில்லை. அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனத்தில் 2019 மார்ச்சில் சேர்ந்து ஏப்ரலில் விலகியது. ஆகவே சட்டத்துறைத் தலைவர் அலுவலகம், வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா, தற்காப்பு அமைச்சு என்று விரல் விட்டு எண்ணும் இடங்கள்தான். வெளிநாட்டு ஆயுத நிறுவனங்களோ பாதுகாப்பு அனுமதி, குடியுரிமை என்று கேட்டு மலேசியக் கடப்பிதழைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் பக்கம் செஞ்சிலுவை, ஐ.நா. அமைப்புகள், பல்கலைக்கழகங்கள், கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள். அங்கே பிரெஞ்சோ அரபோ தெரிந்தவனுக்குத் தனி மதிப்பு.

உலோகமும் மின்சுற்றும் பிடித்தால் பொறியியல். கூடுதல் கணிதம், பௌதிகம் இரண்டிலும் கிரெடிட் இருந்தால் இந்தக் கதவு எளிதாகத் திறக்கும். எஸ்.டி.பி.எம். அவனுக்குச் சரிப்படாது என்றால் ஈப்போவிலேயே உங்கு ஒமார் பாலிடெக்னிக் இருக்கிறது, மூன்று ஆண்டு மின்னணு டிப்ளோமா முடித்துப் பட்டத்துக்கு ஏறலாம். பட்டம் பொறியாளர் வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அவன் பார்க்கும் காணொளியில் தெரியாத ஒன்றைத் தோட்டத்து ட்ரோனே சொல்லித்தரும். இப்போது செம்பனைக்கு மருந்தடிக்கவும் மரங்களைக் கணக்கெடுக்கவும் ட்ரோன் பறக்கிறது. தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானே திரும்பி வரும் உயரத்தைப் பறக்கவிடும் இடத்துத் தரையிலிருந்து கணக்கிடுவார்கள். மேட்டிலும் முதிர்ந்த மரங்களுக்கு நடுவிலும் அதை 20 மீட்டரில் விட்டுவைத்தால், தொடர்பு அறுந்ததும் ட்ரோன் நேராக மட்டைக்குள் போய்ச் சொருகும். ஜி.பி.எஸ். சமிக்ஞை போனால் காற்று தள்ளும் பக்கம் மிதக்கும். போர்க்களத்தில் எதிரி வேண்டுமென்றே செய்வது இதைத்தான், சமிக்ஞையை அடைப்பது. அதனால்தான் உக்ரேன் போரில் இரு தரப்பும் கண்ணாடி இழைக் கம்பியை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோனுக்குப் போனார்கள். இதை ஆராய்பவனுக்கு வானொலி அலை, ஆன்டெனா, பிழை திருத்தம் தெரிய வேண்டும். பறக்கவிடத் தெரிந்தால் மட்டும் போதாது.

பறப்பதற்கும் சட்டம் உண்டு. அனுமதியின்றி 400 அடிக்கு மேல் போகக்கூடாது, விமான நிலைய வட்டத்துக்குள் போகக்கூடாது, 20 கிலோவுக்கு மேல் எடையிருந்தால் சிவில் விமான ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். 30 லிட்டர் மருந்துத் தொட்டி ட்ரோனில் மருந்தே 30 கிலோ, ஆகவே அது பொம்மைக் கணக்கில் வராது. தொலைவிமானிச் சான்றிதழை ஆணையம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில்தான் எடுக்க வேண்டும். எஸ்.பி.எம்.முக்குப் பின் கிடைக்கும் மாதங்களில் அதை எடுத்தால், படிப்பு எதுவானாலும் கைக்காசுக்கு ஆகும்.

படையில் சேரும் எண்ணமும் இருந்தால் சுங்கை பீசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் ஒரு வழி. கேடட் அதிகாரியாகச் சேர்ந்தால் பட்டத்துக்குப் பின் படையில் பணியாற்றியே ஆக வேண்டும். எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேளுங்கள். நிறக்குருடு சோதனையை இப்போதே செய்துவிடுங்கள், அதில் தவறினால் மற்றதெல்லாம் வீண் அலைச்சல்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. போர்ச் சட்டம் போரைத் தடை செய்யும் சட்டமல்ல. பொதுமக்களைக் குறிவைக்காதே, கிடைக்கும் இராணுவப் பயனை மிஞ்சும் அளவுக்குப் பொதுமக்களுக்குச் சேதம் செய்யாதே, சுடுமுன் சரிபார் என்பவை அதன் அடிப்படை. அதாவது, சில வேளை பொதுமக்கள் இறந்தும் தாக்குதல் சட்டத்துக்கு உட்பட்டதாகவே இருக்கும். இதை ஜீரணிக்க முடியாதவனுக்கு இந்தத் துறை ஒத்துவராது. இப்போதே அவனிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் அந்தச் சரிபார்ப்பு இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் சாட்சி. 2015 அக்டோபர் 3 அன்று அமெரிக்க விமானம் ஒன்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனையைத் தாக்கி 42 பேர் இறந்தார்கள். மருத்துவமனை தன் இருப்பிடத்தை முன்கூட்டியே படைகளுக்குத் தெரிவித்திருந்தது. விமானம் அவசரமாகக் கிளம்பியதில் தாக்கக்கூடாத இடங்களின் பட்டியல் குழுவிடம் இல்லை. வழியில் தகவல் இணைப்பும் பழுதானது. கொடுத்த ஆயத்தொலைவு ஒரு வெட்டவெளியைக் காட்டியது. வாய்மொழி வர்ணனைக்குப் பொருந்திய பக்கத்துக் கட்டடத்தைக் குழு தேர்ந்தெடுத்தது, அதுதான் மருத்துவமனை. 16 பேர் மீது நிர்வாக நடவடிக்கை எடுத்தார்கள், குற்ற வழக்கு இல்லை. தானே இலக்கைத் தேர்ந்தெடுக்கும் ஆயுதங்களைப் பற்றிய இன்றைய விவாதம் இங்கேதான் சூடாகிறது: இந்தத் தவறை மென்பொருள் செய்தால் யாரை நிறுத்திக் கேட்பது? அவற்றுக்கு 2026க்குள் ஒப்பந்தம் வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலாளரும் செஞ்சிலுவைத் தலைவரும் 2023இல் கூட்டாகக் கேட்டார்கள். பொறியியலும் சட்டமும் சேர்ந்து தெரிந்தவனுக்கு இங்கே வேலை இருக்கிறது.

தோட்டத்துக் குடும்பத்துக்கு இது அந்நியமான விஷயமும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பானியர் நம் ஆட்களைப் பிடித்துப் போனபோது 1929ஆம் ஆண்டு ஒப்பந்தம் போர்க் கைதிகளுக்கு மட்டுமே இருந்தது, கூலியாளைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. பொதுமக்களுக்கான நான்காம் ஒப்பந்தம் 1949இல்தான் வந்தது. ஆக்கிரமித்த நிலத்து மக்களை வேலை வாங்கினாலும் அந்த நிலத்துக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது என்கிறது அதன் 51ஆம் விதி.

வம்பு என்றால் மூன்று இடத்தில் வரும். வெளிநாட்டில் ட்ரோன் வேலை, டிக்கெட்டும் தங்குமிடமும் இலவசம் என்று கைப்பேசியில் வரும் அழைப்பு முதலாவது. ரஷ்யாவின் அலபூகா தொழிற்பேட்டைக்கு வேலைப் பயிற்சி என்று அழைக்கப்பட்ட ஆப்பிரிக்க இளம்பெண்கள் தாக்குதல் ட்ரோன்களின் பாகங்களைப் பொருத்தும் வேலையில் அமர்த்தப்பட்டதை 2024இல் செய்தி நிறுவனங்கள் வெளிக்கொணர்ந்தன. இரண்டாவது, 2010ஆம் ஆண்டு வியூக வர்த்தகச் சட்டம். பட்டியலிட்ட வெப்பக் கேமராவோ ட்ரோன் பாகமோ வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வேண்டும், தொழில்நுட்ப வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்புவதும் அதில் அடங்கும். மூன்றாவது, படம் சேகரிப்பது. தண்டனைச் சட்டத்தின் 130ஜேபி பிரிவு பயங்கரவாத இயக்கங்கள் தொடர்பான பொருள்களை வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பில் 12 பேர் கைதாகி, 2020 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்படும்வரை தடுப்புக்காவலில் இருந்ததை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. ஆராய்ச்சிக்கு ஐ.நா. அறிக்கைகளும் செஞ்சிலுவையின் 161 வழக்காற்று விதிகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இயக்கக் கொடிகளையும் காணொளிகளையும் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. கணிதத்திலும் பௌதிகத்திலும் நல்ல மதிப்பெண் என்று எழுதியிருக்கிறீர்கள், மலாய் மொழியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அரசாங்க நிரந்தரப் பணிக்கு எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் கட்டாயம், வழக்கறிஞர் ஆவதற்கும் மலாய்த் தகுதி கேட்பார்கள். முயற்சித் தேர்வில் கட்டுரைத் தாள் எவ்வளவு என்று பாருங்கள். இழுபறி என்றால் டியூஷனை அதற்கு மாற்றுங்கள். அப்படியும் நழுவினால் மறுதேர்வுக்கு உடனே பெயர் பதிந்துவிடுங்கள், அடுத்த ஆண்டுவரை தள்ளிப்போட வேண்டாம்.