பரணிலிருந்து இறங்கிய வீணை: கேட்டவர்களுக்குப் பதில்

தஞ்சாவூரில் வீணை வேலை செய்கிறேன். போன மாதம் ஒரே மரத்தில் குடைந்த ஒரு பழைய ஏகாண்ட வீணையை, அதை வாசிக்கப்போகும் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சரி செய்தேன். அதைப் பற்றிச் சொன்னதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீணை ஏகாண்டமா, ஒட்டு வீணையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

குடமும் (உருண்டை வயிறு) தண்டியும் (நீண்ட கழுத்து) சேரும் இடத்தைப் பாருங்கள். ஒரே மரத்தில் குடைந்ததென்றால் பலா மரத்தின் ரேகை குடத்திலிருந்து தண்டிக்கு அறுபடாமல் ஓடும். அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் பட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள், சிலர் அழகுக்கும் ஒட்டுவார்கள். குடத்தின் மேல்பலகை எதிலும் தனிப்பலகைதான், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பாட்டி வீணை, 30 வருஷமாகப் பரணில் கிடந்தது. முதலில் பாலிஷ் போட்டுவிடட்டுமா?

வேண்டாம் அம்மா. பாலிஷ் கடைசி வேலை. முதலில் தந்தியைத் தளர்த்துங்கள், அப்புறம் துணியால் தூசி தட்டுங்கள், அவ்வளவுதான். தண்டி வளைந்திருக்கிறதா, குடத்தில் விரிசலா, மரத்தில் பூச்சித் துளையா என்று பார்க்க வேண்டியதெல்லாம் பாலிஷுக்கு அடியில் மறைந்துவிடும். மெட்டையும் (தண்டியின் மேல் குறுக்கே வரிசையாக இருக்கும் உலோகத் துண்டுகள்) பிடுங்காதீர்கள். 24 மெட்டும் எங்கெங்கே இருக்கின்றன என்று போட்டோ எடுத்து, மேருவிலிருந்து (தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் கட்டை) ஒவ்வொன்றின் தூரத்தையும் குறித்து வையுங்கள். பழைய ஆசாரி வைத்த இடம் உங்கள் பாட்டியின் கைக்கு வைத்த இடம், அதை ஒருமுறை அழித்தால் திரும்பக் கிடைக்காது.

பழைய வீணைக்கு என்ன விலை போகும்?

போட்டோ பார்த்து விலை சொல்ல மாட்டேன்.

தந்த வேலைப்பாடு உடைந்திருக்கிறது. புதிதாகத் தந்தம் கிடைக்குமா?

கிடைக்காது, தேடவும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இப்போது எல்லோரும் வெள்ளை பிளாஸ்டிக்கில்தான் செய்கிறோம். இருக்கும் பழைய துண்டுகளைத் தொலைத்துவிடாதீர்கள்.

மெட்டு வைக்க வாசிப்பவர் எதற்கு? நான் என்ஜினியர். கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டு எங்கே என்று வந்துவிடும், மீதியையும் அப்படியே போடலாம். இல்லையென்றால் ட்யூனர் ஆப் இருக்கிறது.

இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வேலையே இதுதான். நீங்கள் சொல்வது கிட்டார் கணக்கு. அந்தக் கணக்கில் விரல் அழுத்தும்போது கம்பி இறுகுவது சேரவில்லை. வீணையில் தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே இடைவெளி உண்டு, விரல் கீழே தள்ளத் தள்ள சுருதி ஏறும், குடத்தின் மேல் தந்தியைத் தாங்கும் குதிரைப் பக்கம் போகப் போக அது இன்னும் கூடும். எவ்வளவு ஏறும் என்பது அந்த ஒருவருடைய விரல். என் விரல் ஆசாரி விரல், கனமானது. நான் அழுத்திப் பார்த்துச் சரி என்று வைத்த மெட்டு வாசிக்கிறவர் தொட்டால் குறைந்து பேசும்.

இன்னொன்று, மெட்டு ஒன்று, அதன் மேல் ஓடும் தந்தி நாலு. முதல் தந்தியான சாரணிக்குச் சரியாக இருக்கும் இடம் கடைசித் தந்தியான அனுமந்தரத்துக்குச் சரியாக இருக்காது. அதனால் மெட்டை மயிரிழை சாய்த்து வைப்போம்.

போன மாத வேலையில் நாலாவது மெட்டுக்கே அரை நாள் போனது. அந்தர காந்தாரம், 'க' ஸ்வரம். நான் வைத்தேன், அந்த அம்மா தம்புராவைப் போட்டுவிட்டு மீட்டி, "கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார். தனியாக ஒரு கம்பியைச் சூடு காட்டி மெட்டின் மேல் வைத்தேன், அடியில் தேன்மெழுகும் கரிப்பொடியும் குங்கிலியமும் கலந்த கறுப்பு மெழுகு இளகியது, நகத்தால் தலையில் இருக்கும் யாளிப் பக்கம் தள்ளினேன். ஆறட்டும் என்று காத்திருந்து மறுபடி மீட்டினார். இப்படி ஏழெட்டு முறை. கடைசியில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதே காந்தாரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டே இருந்தார், அப்போது எடுத்தேன் கையை.

மறுபடி அதே என்ஜினியர்: அதெல்லாம் பழக்கதோஷம். காதைவிட ஆப் துல்லியம்.

தம்பி, ஆப் துல்லியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எந்தக் காந்தாரத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது? ஸ்தாயியை 12 சம பங்காகப் பிரித்த காந்தாரம். தம்புரா நன்றாகச் சேர்ந்தால் தந்திக்குள்ளேயே ஒரு காந்தாரம் கேட்கும், ஆப்பின் காந்தாரம் அதைவிட ஏறக்குறைய 14 சென்ட் கூட (அந்தச் சம பங்கு ஒன்றுக்கு 100 சென்ட்). அதை வைத்தாலும் அந்த அம்மா "தூக்கலா இருக்கு" என்றுதான் சொல்வார்.

இன்னொருவர்: அப்படியென்றால் மெழுகை விட்டுவிட்டு மெட்டை நிரந்தரமாகத் திருகி வைக்கலாமே? வெயிலில் இளகாது.

இளகாது, உண்மை. கை மாறினால், தந்தி கனம் மாறினால் நகர்த்தவும் முடியாது. வெளிநாட்டுப் பயணத்துக்கென்று கேட்பவர்களுக்கு அது உதவும். பழைய வீணையில் நான் செய்ய மாட்டேன். மெழுகு வீணையைக் காருக்குள் வெயிலில் விட்டுப் போகாதீர்கள், அது போதும்.

விரிசலுக்கு எபாக்ஸி ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். விலங்குத் தோலில் காய்ச்சும் வச்சிரப் பசை என்றால் பின்னால் வருகிறவன் சூடு காட்டிப் பிரிக்க முடியும். எபாக்ஸியைப் பிரிக்கப் போனால் மரமும் சேர்ந்து வரும்.

சிதாருக்கும் இதே முறையா?

அதில் மெட்டு நூலால் கட்டியிருக்கும், வேறு வேலை. மகாராஷ்டிராவில் மிரஜ் ஊர்க்காரர்களைக் கேளுங்கள்.

சும்மா ஒரு தோராய விலையாவது...

விலை கேட்டு இது நாலாவது. மேலே சொல்லிவிட்டேன். பாலிஷ் கேட்டவர்களும் மேலே பாருங்கள்.

மெட்டு வைத்ததும் வேலை முடிந்ததா?

இல்லை. புது மெழுகு தந்தியின் அழுத்தத்தில் கொஞ்சம் அமுங்கும். வாசிக்க வாசிக்கத்தான் எது நகர்ந்தது என்று தெரியும். அந்த அம்மா நேற்று போன் செய்தார், மேல் ஸ்தாயியில் காகலி நிஷாதம், அந்த 'நி' மட்டும் இடிக்கிறதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீணையோடு வருகிறார், மெழுகு எடுத்து வைத்திருக்கிறேன்.