எல்லாப் பெண்களுக்கும் ஒரே கையா?

அன்புள்ள ஐயா,

உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்திருக்கிறேன். பெண்களின் கை இயற்கையிலேயே வலுவற்றது என்கிறார் பயிற்சியாளர். எடை தூக்கினால் கருப்பை இறங்கிவிடும் என்று அம்மா அஞ்சுகிறார். எனக்கும் பெண்களின் கை அப்படித்தான் என்று தோன்றுகிறது. உடலை ஆக்குவது இயற்கையா, பண்பாடா? என்ன உண்ணலாம் என்றும் சொல்லுங்கள்.

ச., மன்னார்குடி

அன்புள்ள ச.,

அம்மாவின் அச்சத்தை மகப்பேறு மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பருவமெய்தியபின் ஆணுக்குத் தசை கூடுதலாக வளர்வது ஹார்மோனின் வேலை. அதில் எனக்கு மறுப்பில்லை. மன்னார்குடியில் வாழ்ந்துகொண்டு, எல்லாப் பெண்களுக்கும் ஒரே கை இருப்பதுபோல் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குச் சினமூட்டியது.

எங்கள் வீட்டு வயலில் சம்பா நடவுக்கு விடியுமுன் இறங்கும் பெண்கள், சேற்றில் குனிந்தபடியே பின்னோக்கி நகர்ந்து நட்டு, வெயில் சாய்ந்தபின்தான் கரையேறுவார்கள். எங்கள் தெருப் பெண்களோ வாசற்படி தாண்டாமல் வளர்ந்தார்கள். பெண் வலுவற்றவள் என்று திண்ணையில் அமர்ந்து பேசிய எங்கள் பெரியவர்கள், தங்கள் நிலத்தில் குனிந்திருந்தவர்களைப் பெண்களின் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சில சாதிப் பெண்களுக்கு மென்மை விதிக்கப்பட்டது, மற்றவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. இரண்டுமே உடம்பில் ஏறின. நடவாட்களில் பலருக்கு முதுமைக்கு முன்பே இடுப்பு நிமிரவில்லை. வெயிலே படாமல் காக்கப்பட்ட என் பெரியம்மாவுக்கோ, கிணற்றடியில் ஒருமுறை வழுக்கி விழுந்ததிலேயே தொடையெலும்பு முறிந்தது.

எலும்பு, தாங்கும் பாரத்துக்கேற்பத் தடிக்கும். பாரம் இல்லாவிட்டால் மெலியும். மத்திய ஐரோப்பாவில் ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன் உழவு செய்து வாழ்ந்த பெண்களின் மேற்கை எலும்பு, இன்றைய படகோட்டி வீராங்கனைகளுடையதைவிட 11 முதல் 16 விழுக்காடு வலுவாக இருந்ததென்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2017-இல் எழுதினார்கள். நாள்தோறும் கல்லில் தானியம் அரைத்தது அதற்கொரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அரவை ஆலை வருமுன் தஞ்சைச் சீமையில் உரலும் உலக்கையுமாக நெல் குத்திய கைகளை எவரேனும் அளந்திருந்தால், உங்கள் பயிற்சியாளர் இவ்வளவு துணிந்து பேசியிருக்கமாட்டார். நீங்களும் தலையாட்டியிருக்கமாட்டீர்கள், அம்மா.

உணவுப் பட்டியல் போட எனக்குத் தெரியாது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், எடையைத் தொடுமுன் அதை நிறுத்துங்கள். அம்மாவையும் உடன் உட்காரச் சொல்லுங்கள்.