இளம் ஆரஞ்சுக்கு எது துணை? கேள்வி பதில்

மென்மையான, வெதுவெதுப்பான ஆரஞ்சை நடுவில் வைத்து வண்ணத் தொகுப்பு அமைப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஆளுக்கொரு ஆரஞ்சை மனதில் வைத்துப் பேசாமலிருக்க ஓர் அடையாளம் வைத்துக்கொள்வோம்: திரையில், 0 முதல் 255 வரையிலான அளவில், சிவப்பு 255, பச்சை 190, நீலம் 152 (கீழே வரும் மூன்று எண்களும் இதே வரிசைதான்). நிறங்களை வரையறுத்துப் பெயரும் எண்ணும் தரும் பேன்டோன் நிறுவனம் 2024ஆம் ஆண்டின் நிறமாக அறிவித்த ‘பீச் ஃபஸ்’ இதுதான்.

கேள்வி: ஆரஞ்சுக்கு எதிர் நிறம் நீலம் என்று படித்து, நிறச் சக்கரத்தில் நேர் எதிரே இருந்த நீலத்தை எடுத்துப் போட்டேன். கைக்குழந்தையின் அறை மாதிரி ஆகிவிட்டது. எங்கே தப்பு?

சக்கரத்தில் தப்பில்லை. சிவப்பை 0 டிகிரி என்று வைத்தால் நம் ஆரஞ்சு அதில் ஏறக்குறைய 22 டிகிரியில் இருக்கிறது, எதிரே 202. ஆனால் உங்கள் மென்பொருள் அதே வெளிர்ப்போடு நீலத்தைக் கொடுத்திருக்கும்: 152, 217, 255. இரண்டுமே வெளிச்சமான நிறங்கள், இரண்டுமே மென்மை. கண் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? நீலத்தைத் தூக்கிப் போடாதீர்கள், இருட்டுக்கு இறக்குங்கள். 31, 42, 68 போன்ற கருநீலத்தை வைத்துப் பாருங்கள். அதே ஆரஞ்சு பெரியவர்களுக்கானதாக மாறிவிடும்.

இந்த நிறத்தோடு வேலை செய்யும்போது நான் முதலில் தேடுவது துணை நிறத்தை அல்ல, அடர்ந்த நிறத்தை. அது அமைந்தபிறகு மற்றவை தானாக வந்து உட்காரும். சந்தேகமிருந்தால் முழுத் தொகுப்பையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

கேள்வி: எனக்கு நீலமே பிடிக்காது. சூடான நிறங்களை மட்டும் வைத்துச் செய்ய முடியுமா?

தாராளமாக. பழுப்பு என்று தனியாக ஒரு நிறம் கிடையாது. இருண்டுபோன ஆரஞ்சைத்தான் பழுப்பு என்கிறோம். எனவே உங்கள் அடர் நிறம் ஆரஞ்சுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதே 22 டிகிரியில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனால் 74, 45, 28 என்ற ஆழ்ந்த பழுப்பு கிடைக்கும். நடுவே ஒரு சுட்ட மண் நிறம்: 178, 94, 62. இது மட்டும் சிவப்பின் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. வேண்டுமென்றேதான், டிகிரி மாறாமல் படி இறங்கினால் தொகுப்பு உயிரில்லாமல் போகும். பின்னணிக்கு வெதுவெதுப்பான வெண்மை: 250, 243, 235. சரி, நான்கு ஆயிற்று, போதும். ஐந்தாவதைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் நான்கில் இருக்கும் கோளாறைத்தான் மறைக்கப் பார்க்கிறார்கள்.

கேள்வி: பச்சை சேருமா அக்கா?

மங்கிய பாசிப்பச்சை சேரும். பளிச்சென்ற பச்சையைப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

கேள்வி: செயலியில் பட்டனுக்கு இந்த நிறம், மேலே வெள்ளை எழுத்து. வாடிக்கையாளர் அப்படித்தான் வேண்டும் என்கிறார். வைக்கலாமா?

வேண்டாம். இந்த ஆரஞ்சுக்கும் வெள்ளைக்கும் உள்ள ஒளி வேறுபாட்டு விகிதம் சுமார் 1.6 தான். இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல் சாதாரண எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3. மேலே சொன்ன கருநீலத்தில் எழுதினால் 8ஐத் தாண்டும். வாடிக்கையாளரிடம் விகிதக் கணக்கெல்லாம் பேசாதீர்கள். கைபேசியை வெயிலில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: சுவருக்கு இந்த நிறம் அடித்த பிறகு, என் சாம்பல் நிற சோபா நீலமாகத் தெரிகிறது. பிரமையா?

பிரமைதான், ஆனால் எல்லோருக்கும் வரும் பிரமை. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சாம்பலின் மேல் அதன் எதிர் நிறமான நீலத்தைக் கண் ஏற்றிவிடும். பாரிஸில் கோபலின் நெசவாலையின் சாயப் பிரிவைக் கவனித்துக்கொண்ட வேதியியலாளர் செவ்ருல், கறுப்பு நூல் சரியில்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருந்தது. அதை விரித்து 1839இல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். உங்கள் சோபாவை மாற்ற வேண்டாம். லேசாக மஞ்சள் கலந்த சாம்பலில் ஒரு விரிப்பு போட்டால் நீலம் அடங்கிவிடும்.

அப்புறம் விளக்கையும் பாருங்கள். 2700 கெல்வின் என்று போட்ட மஞ்சள் ஒளி விளக்கில் இந்தச் சுவர் இன்னும் பழுத்துத் தெரியும், 6500 என்று போட்ட வெள்ளை ஒளியில் சோர்ந்துபோகும். இன்னும் அடிக்காதவர்கள் ஒரு பெரிய அட்டையில் அடித்து, பகலிலும் இரவிலும் சுவர் சுவராக நகர்த்திப் பாருங்கள். சின்ன மாதிரித் துண்டை நம்ப வேண்டாம். நான்கு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று நிறத்தைத் தெறிக்கும்போது அறைக்குள் அது அடர்ந்துதான் தெரியும்.

கேள்வி: அக்ரிலிக் பெயின்டில் ஆரஞ்சோடு வெள்ளை கலந்தால் சுண்ணாம்பு மாதிரி வெளிறுகிறது. திரையில் உள்ள கதகதப்பு வரவே இல்லை.

டைட்டானியம் வெள்ளை என்ற பெயின்ட், ஆரஞ்சை வெளுப்பதோடு குளிர்ச்சியின் பக்கமும் இழுக்கும். வெள்ளை சேர்த்தபின் துளி மஞ்சள் விடுங்கள். அதிகம் பளிச்சிட்டால் மஞ்சளுக்குப் பதில் எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள்.

கேள்வி: அச்சில் இந்த நிறம் அப்படியே வருமா?

வெறும் கணக்குப்படி அச்சு மையில் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) 25, மஞ்சள் 40 சதவீதம் என்று வரும். அதை நம்பி நானே ஒருமுறை ஒரு சிற்றேட்டின் அட்டையை அனுப்பிவிட்டேன். மெஜந்தா கொஞ்சம் தூக்கலாக விழுந்து, கட்டுக்கட்டாக ரோஸ் நிற அட்டைகள் வந்து இறங்கின. இவ்வளவு மெல்லிய நிறத்தில் சில புள்ளி வித்தியாசமே சாயலை மாற்றிவிடும். அச்சாகப்போகும் அதே தாளில் மாதிரி எடுத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள்.